தலைக்கோட்டை எடுத்தால் குஜராத்தி ஆகிவிடாது

இந்தியில் உள்ள தத்துவ நூலைக் குஜராத்தியில் கொண்டுவர ஆள் தேடுகிறவர்கள், தொடங்கும்போது நம்பிக்கையோடுதான் இருக்கிறார்கள். அகமதாபாத்தில் இந்தி புரியாதவர் யார்? அதிலும் தத்துவம் என்றால் சொற்களில் பெரும்பகுதி சமஸ்கிருதம். ஆத்மா, கர்மம், பிரமாணம், மோட்சம் எல்லாம் இரு மொழிக்கும் பொது. எழுத்தும் அக்கா தங்கைதான். தேவநாகரியின் தலைக்கு மேல் ஓடும் கோட்டை எடுத்துவிட்டுச் சில எழுத்துகளின் உருவத்தை மாற்றினால் குஜராத்தி எழுத்து வந்துவிடும். கணினி அதை நொடியில் செய்து தருகிறது.

ஆனால் கொஞ்ச காலம் கழித்து அவர்களைப் பார்த்தால் கையில் மாதிரிப் பக்கங்களோடு சோர்ந்துபோயிருப்பார்கள். இந்தி நன்றாகத் தெரிந்தவர் எழுதிய பக்கம் குஜராத்தி எழுத்தில் அச்சிட்ட இந்தியாக இருக்கும். நல்ல குஜராத்தி எழுத்தாளர் எழுதிய பக்கம் படிக்க இனிக்கும், ஆனால் நூலாசிரியர் மறுத்த கருத்தே அங்கே அவருடைய கருத்தாக நிற்கும். சாஸ்திரம் படித்த பண்டிதரிடம் கொடுத்தாலோ ஒரு வாக்கியம் அரைப் பக்கத்துக்கு நீளும். மூன்று தகுதியும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது அபூர்வம். அப்படிப்பட்ட ஒருவரிடம் தொழில் கற்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் அகமதாபாத் மணிநகர்க்காரி. ஆலை வேலையையும் ரயில்வே வேலையையும் நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. வீட்டில் தமிழ், தெருவில் குஜராத்தி, பள்ளியிலும் தொலைக்காட்சியிலும் இந்தி. கல்லூரியில் தத்துவம் எடுத்துப் படித்தேன். ஓர் அறக்கட்டளை, இந்தியில் நிகழ்த்தப்பட்ட ஜைன தத்துவச் சொற்பொழிவுகளைக் குஜராத்தியில் தொகுக்க ஆள் தேடி அலுத்துப்போய், பழைய நகரத்தில் போள் எனப்படும் சந்துக் குடியிருப்பு ஒன்றில் வசித்த ஓய்வுபெற்ற பேராசிரியரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. கண் பார்வை மங்கிவந்ததால் உதவிக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார் அவர். என் பேராசிரியை என்னை அனுப்பிவைத்தார். குஜராத்தில் ஆசிரியரை சாஹேப் என்றுதான் அழைப்பார்கள், நானும் அப்படியே அழைத்தேன். அவருக்கு நான் பேட்டா.

வெகு நாள் வரை என்னை ஒரு வரிகூட மொழிபெயர்க்க விடவில்லை. அவருக்கு வாசித்துக் காட்டுவதுதான் வேலை. அதுவும் பண்டித சுக்லால்ஜியை. தத்துவ மாணவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1880இல் சௌராஷ்டிரத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் அம்மையில் பார்வை போய்விட்டது. காசிக்குப் போய், பிறர் வாசிக்கக் காதால் கேட்டே நியாயமும் வியாகரணமும் ஜைன தர்சனமும் கற்றார். பிறகு குஜராத் வித்யாபீடத்திலும் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றி, 1978இல் அகமதாபாத்தில் மறைந்தார். வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிக்கொண்ட அவருடைய நூல்கள் குஜராத்தியிலும் இந்தியிலுமாக உள்ளன. ‘தர்சன் அனே சிந்தன்’ என்ற குஜராத்தித் தொகுப்புக்கு 1958இல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. தத்துவார்த்த சூத்திரத்துக்கு அவர் செய்த விளக்கம் இரு மொழியிலும் இருக்கிறது. சாஹேப் அவ்விரண்டையும் மேசையில் விரித்துவைத்து, ஒரு பத்தியை இந்தியில் வாசி, அதையே குஜராத்தியில் வாசி என்பார். வாசித்து முடித்ததும் ஒரே கேள்வி: “எங்கே மூச்சு விட்டாய்?”

அந்தக் கேள்வியின் பயன் போகப் போகத்தான் விளங்கியது. காதால் கற்று வாயால் எழுதிய ஒருவருடைய உரைநடையில், நிறுத்தம் விழுகிற இடத்தில்தான் வாதத்தின் கட்டு இருக்கிறது. இந்தி வாக்கியம் எங்கே இளைப்பாறுகிறதோ அங்கேயே குஜராத்தி வாக்கியமும் இளைப்பாற வேண்டும் என்பதில்லை. வாதம் இளைப்பாறும் இடம் மட்டும் மாறக்கூடாது. அகராதி இதைச் சொல்லித் தராது. நல்ல உரைநடையை உரக்க வாசித்துத்தான் இது பிடிபடும்.

பிறகுதான் எழுத்து வேலை வந்தது. முதலில் அவர் எடுத்துக்கொண்டது மிகச் சிறிய ஒரு சொல்லை. இந்தியில் ‘ஹீ’, குஜராத்தியில் ‘ஜ’. நம்முடைய ஏகாரம் செய்கிற வேலையை அவை செய்கின்றன. கரும்பலகை இல்லாததால் பழைய மெய்ப்புத் தாளின் பின்பக்கத்தில் என்னை எழுதச் சொன்னார்: “ஆத்மா ஜ ஞான் சே.” அதன்கீழே, “ஆத்மா ஞான் ஜ சே.” அதற்கும் கீழே, “ஆத்மா ஞான் சே ஜ.” மூன்று வரியிலும் அதே நான்கு சொற்கள். ‘ஜ’ மட்டும் ஒவ்வொரு படியாக நகர்ந்திருக்கிறது.

“மூன்றும் ஒன்றா, பேட்டா?”

நான் தமிழில் சொல்லிப் பார்த்தேன். ஆத்மாவே ஞானம். ஆத்மா ஞானமே. ஆத்மா ஞானம்தான், ஐயமில்லை. முதலாவது, ஞானம் என்பது ஆத்மாவைத் தவிர வேறெதிலும் இல்லை என்கிறது. இரண்டாவது, ஆத்மாவுக்கு ஞானத்தைத் தவிர வேறு இயல்பு கிடையாது என்கிறது. மூன்றாவது புதிதாக எதையும் விலக்கவில்லை, சொன்னதை உறுதிப்படுத்த மட்டும் செய்கிறது. பள்ளிக்கூட இலக்கணத்தில் பிரிநிலை ஏகாரம், தேற்ற ஏகாரம் என்று படித்தது நினைவுக்கு வந்தது. அதை அவருக்கு விளக்கினேன். உங்கள் இலக்கணக்காரர்கள் இதற்குத் தனித்தனிப் பெயரே வைத்துவிட்டார்களா என்று மகிழ்ந்துபோனார்.

சொற்பொழிவுகளில் இந்தப் பிரச்சினை இன்னும் கூர்மையாகும். மேடையில் பேசுகிறவர் அழுத்தத்துக்காக ‘ஹீ’யை எங்கெங்கோ போடுவார். கேட்டவர்களுக்கு அவர் குரல் எங்கே உயர்ந்தது என்று தெரியும், காகிதத்துக்குத் தெரியாது. எழுதியெடுத்தவர் கேட்ட இடத்தில் போட்டுவைத்திருப்பார். மொழிபெயர்ப்பவர் அது விலக்குவதற்கா, உறுதிக்கா, வெறும் பேச்சுப் பழக்கமா என்று முடிவுசெய்தாக வேண்டும். ஜைன தர்சனத்தில் இது நகாசு வேலை இல்லை. ஏழு பங்கங்களாக விரியும் ஸ்யாத்வாதத்தில் ‘ஸ்யாத்’ என்பது கூற்றுக்கு எல்லை கட்டுகிறது, ‘ஏவ’ என்பது அந்த எல்லைக்குள் அதை உறுதியாக நிறுத்துகிறது. அந்த ‘ஏவ’தான் இந்தியில் ‘ஹீ’யாகவும் குஜராத்தியில் ‘ஜ’வாகவும் வருகிறது. மொழிபெயர்ப்பில் அதை நழுவவிட்டால் “ஒரு நோக்கில் இருக்கவே இருக்கிறது” என்பது “ஒருவேளை இருக்கலாம்” என்று ஆகிவிடும். ஜைனர்கள் எதையும் உறுதியாகச் சொல்லாத ஐயவாதிகள் என்று எதிர்த்தரப்பினர் காலங்காலமாகச் சொல்லிவந்த குற்றச்சாட்டை, ஓர் எழுத்தை விட்டதன் மூலம் மொழிபெயர்ப்பாளரே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அடுத்த பாடத்தில் என் தாய்மொழி எனக்குத் துணை வந்தது. இந்தியில் ‘ஹம்’ ஒன்றே. குஜராத்தியில் கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘ஆப்ணே’, சேர்க்காவிட்டால் ‘அமே’. நம்முடைய நாம், நாங்கள் என்பதற்கு அச்சாக ஒத்தது. இந்தி மட்டும் பேசி வளர்ந்தவர்கள் குஜராத்தி எழுதும்போது இங்கே தடுமாறுவார்கள், உனக்கு அந்தக் கஷ்டம் இருக்காது என்றார் சாஹேப். உண்மைதான், வீட்டில் நாம், நாங்கள் என்று பேசி வளர்ந்த வாய்க்கு அந்த வேறுபாடு யோசிக்காமலே வந்தது.

ஆனால் தத்துவ நூலில் இந்த இரண்டில் எதைப் போடுவது என்பது இலக்கணத்தோடு முடிகிற விஷயமில்லை. “ஹம் அஞ்ஞானத்தில் உழல்கிறோம்” என்று ஆசிரியர் சொன்னால் அவரும் படிப்பவரும் ஒரே நிலையில் நிற்கிறார்கள், அது ‘ஆப்ணே’. “ஹம் இதை ஏற்பதில்லை” என்றால் தம் தரப்பை வைத்துப் பேசுகிறார், அது ‘அமே’. இதுவரை எளிது. பூர்வபட்சம் வரும்போதுதான் வேலை கடினமாகிறது. நம் நூல்களில் ஆசிரியர் எதிரியின் வாதத்தை எதிரியின் வாயாலேயே பேசவிட்டுப் பிறகு மறுப்பார். மேற்கோள் குறி இருக்காது, “என்பார்கள்” என்ற முடிப்புகூடச் சில இடங்களில் இருக்காது. அங்கே வருகிற ‘ஹம்’ நையாயிகருடையது, அல்லது பௌத்தருடையது. அதற்கு ‘ஆப்ணே’ போட்டால் வாசகர் தம்மை எதிரியின் அணியில் சேர்த்துக்கொண்டு படிப்பார். இரண்டு பக்கம் தள்ளி மறுப்பு வரும்போது ஆசிரியர் தம்மையே மறுப்பதுபோலத் தோன்றும். போதாததற்கு, காசிப் பக்கத்துப் பேச்சாளர்கள் தம்மை ஒருவராகக் குறிக்கவே ‘ஹம்’ என்பார்கள், அதைக் குஜராத்தியில் ‘ஹும்’ என்று ஒருமையில் போட வேண்டும். ஆக, ஒவ்வொரு ‘ஹம்’மிலும் யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்று கேட்டாக வேண்டியிருந்தது. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் அந்தப் பக்கத்தின் வாதமே தெளிந்துவிடும். சாஹேப் எனக்கு ஒரு பழக்கம் வைத்தார். மொழிபெயர்ப்பதற்கு முன் பென்சிலால் பக்கத்தின் ஓரத்தில் பேசுகிறவர் பெயரை எழுது. நாடகப் பிரதியில் எழுதுவார்களே, அப்படி. இன்றும் அதைச் செய்யாமல் நான் ஒரு பக்கத்தைத் தொடங்குவதில்லை.

ஒரே மாதிரி ஒலித்துப் பொருள் மாறும் சொற்களைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். ‘சிக்ஷா’ இந்தியில் கல்வி, குஜராத்தியில் தண்டனை. ‘டீகா’ என்றால் இந்தி வாசகர் உரைநூலை நினைப்பார், குஜராத்தியில் அதற்குக் கண்டனம் என்ற பொருளும் அன்றாட வழக்கில் உண்டு. ‘ஆலோசனா’ இந்தியில் விமர்சனம், குஜராத்தி ஜைனர் வீட்டில் குருவின் முன் தன் பிழைகளைச் சொல்லிக்கொள்வது. இவற்றைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. இந்தியின் ‘ஹூம்’ ‘இருக்கிறேன்’ என்ற வினை, குஜராத்தியின் ‘ஹும்’ ‘நான்’ என்ற பெயர். ‘நான்’ போன பிறகு மிஞ்சும் இருப்பைப் பற்றிப் பேசுகிற வேதாந்த நூலில் இவை இடம் மாறினால், போக வேண்டியது நின்று நிற்க வேண்டியது போய்விடும்.

பால் விஷயமும் இப்படித்தான். நமக்கு உயர்திணையில் மட்டும் ஆண் பெண் உண்டு. இந்தியில் எல்லாப் பெயர்ச்சொல்லும் ஆண் அல்லது பெண். குஜராத்தியில் மூன்றாவதாக அலிப்பால் இருக்கிறது. ஞானம், மனம், சத்தியம் எல்லாம் இந்தியில் ஆண்பால், குஜராத்திக்கு வந்ததும் அலிப்பால். ஆத்மா பொது இந்தியில் பெண்பால், குஜராத்தியில் ஆண்பால். இந்தியில் எழுதிய ஜைன பண்டிதர்கள் பலர் அதை ஆண்பாலிலேயே வைத்தார்கள். அதனால் இந்தி மூலத்தில் ஒரு பெண்பால் விகுதி ஆத்மாவைக் குறிக்கிறதா, அருகிலுள்ள இன்னொரு சொல்லைக் குறிக்கிறதா என்பதற்கு முதலில் அந்த ஆசிரியரின் வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் மாறினால் அடைமொழியும் வினையும் வால்போலத் தொடர்ந்து மாறும், வாக்கியம் முழுவதையும் திரும்பப் பார்த்தாக வேண்டும்.

சாஹேப் மிகக் கறாராக இருந்தது மூலத்தைத் திறந்து பார்ப்பதில். கையில் இருக்கிற இந்தியே ஒரு மொழிபெயர்ப்பாக இருக்கலாம். சமயசாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குந்தகுந்தர் பிராகிருதத்தில் எழுதியது. அமிர்தசந்திரர் அதற்கு ‘ஆத்மக்யாதி’ என்று சமஸ்கிருதத்தில் உரை செய்தார், அவருடைய பாடப்படி 415 காதைகள். ஜெய்ப்பூர் ஜெய்சந்த் சாப்டா அதை வட்டார மொழியில் விளக்கினார். அந்த விளக்கம் நவீன இந்திக்கு வந்து, அதை வைத்துச் சொற்பொழிவு நடந்து, சொற்பொழிவு நூலாகி என்னிடம் வருகிறது. இத்தனை கைமாறிய ஒரு சொல்லை, கடைசிக் கையில் இருப்பதை மட்டும் பார்த்துக் குஜராத்தியாக்கினால் என்ன நம்பிக்கை? அதனால் பிராகிருதக் காதை, சமஸ்கிருத உரை, ஹிம்மத்லால் ஜேதாலால் ஷாவின் குஜராத்தி மொழிபெயர்ப்பு மூன்றும் எப்போதும் மேசையில் திறந்திருக்கும். சோன்கட்டில் கான்ஜி சுவாமியின் சொற்பொழிவுகளைக் கேட்டு வளர்ந்த வாசகர்களுக்கு ஹிம்மத்பாயின் சொற்கள் மனப்பாடம். அங்கே புதுச் சொல் படைத்து நம் திறமையைக் காட்டக் கூடாது என்பார் சாஹேப். வாசகர் மனத்தில் ஏற்கெனவே வேரூன்றிய கலைச்சொல்லை மாற்றத் தகுந்த காரணம் வேண்டும்.

தோடர்மல்லின் ‘மோட்சமார்க்கப் பிரகாசகம்’ இன்னொரு விதமான அனுபவம். பதினெட்டாம் நூற்றாண்டு ஜெய்ப்பூரில் எழுதப்பட்டு, முடியாமல் நின்றுபோன நூல். பலரும் நவீன இந்தி வடிவத்தையே படிக்கிறார்கள். அதன் பழைய டூண்டாரி நடைக்குப் போனால் குஜராத்திக்கு வழி இன்னும் கிட்டத்தில் கிடைக்கிறது. ராஜஸ்தானியும் குஜராத்தியும் சில நூற்றாண்டுகளுக்கு முன் ஒரே மொழியாக இருந்து பிரிந்தவை. குஜராத்தியில் ‘சே’ என்று முடிவது டூண்டாரிப் பேச்சில் ‘சை’ என்று முடியும். நவீன இந்தி விட்டுவிட்ட சில வாக்கியத் திருப்பங்களைக் குஜராத்தி இன்றும் வைத்திருக்கிறது. மூலத்தின் உரையாடல் தொனியைக் குஜராத்தியில் மீட்க முடிகிறபோது கிடைக்கிற சந்தோஷம் பெரிது.

குந்தகுந்தர் பெயரைச் சொன்னபோதெல்லாம் சாஹேப் என்னிடம் பொன்னூரைப் பற்றிக் கேட்பார். வந்தவாசிக்குப் பக்கத்தில் உள்ள பொன்னூர் மலையில் அவர் தவம் செய்ததாக ஜைன மரபு சொல்கிறது. குஜராத்திலிருந்து யாத்திரையாக அங்கே போகிறார்கள். “உங்கள் ஊர்க்காரர், நீ மொழிபெயர்ப்பது சரிதான்” என்பார். பொறுப்பு கூடியதுபோல இருக்கும் எனக்கு.

நடை பற்றி அவருக்கு உறுதியான கருத்து இருந்தது. கவலை இறைக்கிற விவசாயிக்கும் புரிகிற குஜராத்தி வேண்டும் என்று காந்தி கேட்டார். தத்துவ நூலுக்கு அது பொருந்தாது என்பவர்கள் உண்டு. சாஹேப் பொருந்தும் என்பார். நிச்சய நயம், வியவகார நயம் போன்ற சொற்களை உடைத்து எளிமையாக்கக் கூடாது, அவை அப்படியே நிற்கட்டும், ஆனால் அவற்றைச் சுற்றியுள்ள வினைகளும் இணைப்புச் சொற்களும் அடுப்பங்கரைக் குஜராத்தியாக இருக்க வேண்டும். எனக்கும் இன்று அதே கருத்துதான். வாசகரைத் தொலைப்பது பெரும்பாலும் கடினமான கலைச்சொல் இல்லை, அதைச் சுற்றித் தேவையில்லாமல் கட்டிய சமஸ்கிருதத் தொடர்தான். எழுத்துக்கூட்டலுக்கு வித்யாபீடத்தின் ‘ஸார்த் ஜோடணிகோஷ்’. 1929இல் முதலில் வந்த அதுவே இன்றும் நடுவர். பொருள் தேட கோண்டல் மகாராஜா பகவத்சிம்மர் தொகுப்பித்த ‘பகவத்கோமண்டல்’. 1944 முதல் 1955 வரை 9 தொகுதிகளாக வெளிவந்த அந்தப் பேரகராதியில் விவசாயியின் சொல்லும் வேதாந்தியின் சொல்லும் அடுத்தடுத்து இருக்கும். தத்துவத்துக்கு நாட்டுப்புற வினையைத் தேடி அதில் இறங்கினால் நேரம் போவது தெரியாது.

முடிந்த பகுதிகளை சாஹேப் அச்சுக்கு அனுப்பவில்லை. ஸ்வாத்யாயக் கூட்டத்துக்கு அனுப்பினார். ஜைனக் குடும்பங்களில் ஊறிய வழக்கம் அது. காலையில் கூடி ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டு விவாதிப்பார்கள். நான் வாசித்தேன். முன்வரிசையில் இருந்த வயதான பெண்கள் சிலர் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்கள், ஆனால் சமயசாரக் காதைகளைப் புத்தகம் பார்க்காமல் சொல்வார்கள். ஓரிடத்தில் ஒரு மூதாட்டி கையைத் தூக்கி, “இது யார் பேசுகிறது? அவர்களா, நாமா?” என்றார். பூர்வபட்சம் முடிகிற இடம். மூலத்திலேயே அங்கே எல்லை தெளிவாக இல்லை. சாஹேப் அன்று மாலை அங்கே “என்று அவர்கள் சொல்வார்கள்” என்ற சொற்களைச் சேர்க்கச் சொல்லி, அவை மொழிபெயர்ப்பாளர் சேர்த்தவை என்று காட்ட அடைப்புக்குறியும் போடச் சொன்னார். அச்சான புத்தகத்தில் இன்றும் அந்த அடைப்புக்குறி இருக்கிறது.

இப்போது என்னிடமும் ஆள் கேட்டு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளரைச் சோதிக்க முன்னுரையின் முதல் பக்கத்தைக் கொடுக்காதீர்கள், அதை யாரும் அழகாகச் செய்துவிடுவார்கள். எதிர்வாதமும் மறுப்பும் பின்னிக் கிடக்கிற பக்கத்தைக் கொடுங்கள். கொண்டுவந்ததும் எத்தனை பக்கம் ஆயிற்று என்று கேட்கும் முன், எந்தெந்த நூலைத் திறந்து பார்த்தார் என்று கேளுங்கள். அவரை உரக்க வாசிக்கச் சொல்லி, அந்தத் தர்சனத்தில் ஊறிய ஒருவரையும் ஊறாத ஒருவரையும் கூட உட்காரவைத்துக் கேளுங்கள். சரிபார்ப்பவருக்குத் தனியாகச் சம்பளம் ஒதுக்குங்கள், அதை மொழிபெயர்ப்பாளர் கூலியில் பிடிக்காதீர்கள். அறத்துக்காகச் செய்கிற வேலைதானே என்று இலவசமாகக் கேட்கிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சாஸ்திரம் கற்க வருடங்கள் செலவழித்த இளைஞர்கள் வாடகை கொடுக்க முடியாமல் விளம்பர நிறுவனங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

புத்தகம் அச்சாகும்போது மொழிபெயர்த்தவர் பெயரை உள்ளே எங்கோ பொடி எழுத்தில் போடாமல், தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயருக்குக் கீழே போடுங்கள்.